மஞ்சள் கிணற்று உப்பு

அத்தியாயம் 9

பெங்கின் கிண்ணத்தில் டோஃபு இருந்தது. குச்சியால் அதை இரண்டாகப் பிளந்து பார்த்தான். உள்ளேயும் டோஃபுதான்.

"என்னடா தேடுற?" என்றார் லுவோ.

"மாட்டை, அண்ணே. உள்ள எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு பார்த்தேன்."

லுவோ சிரிக்கவில்லை. அவர் சிரித்து பெங் பார்த்ததே அபூர்வம். உப்பு வரி அலுவலகத்தில் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்தவர் அவர். பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினார், வேலை போயிற்று. இப்போது ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில் ஒரு மூங்கில் நாற்காலிதான் அவருடைய அலுவலகம். ஊரில் எது காணாமல் போனாலும், யார் காணாமல் போனாலும், சொந்தக்காரர்கள் அங்கே வந்து அவர் எதிரில் உட்காருவார்கள். பக்கத்து முக்காலி பெங்குக்கு. அதற்கு முன்னால் அவன் கிணற்றடியில் எருமை ஓட்டிக்கொண்டிருந்தான். "இப்பவும் அதே வேலைதான். என்ன, எருமை சொன்ன பேச்சு கேக்கும்" என்று லுவோவின் காதுபடவே சொல்வான்.

இந்தத் தடவை காணாமல் போகக் காத்திருந்தது ஒரு பெண்ணின் உயிர்.

அவள் பெயர் யின்னியாங். தாங் முதலாளியின் உப்பு உலைக்கூடத்தில் தலைமை உலையாளாக இருந்த தாஷுனின் பெண்டாட்டி. கூடத்து வாசலில் டோஃபு விற்றாள். தாஷுன் போன வாரம் செத்துப்போனான். காலில் பிடித்த தளர்ச்சி இடுப்புக்கு ஏறி, மார்புக்கு ஏறி, கடைசியில் மூச்சு நின்றது. கடைசி வரை புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அவன் கிடந்தபோது தாங் முதலாளி ஆள் அனுப்பி, உப்புக் காவல்படையின் கேப்டன் ச்சின்னை வரவழைத்தார். கேப்டன் உள்ளே நுழைந்தபோது யின்னியாங் ஒரு கிண்ணத்தைப் புருஷன் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பொட்டலம், அதில் வெள்ளைப் பொடி. கேப்டன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கசந்தது.

உப்பூரில் பிறந்த எந்த நாக்குக்கும் அந்தக் கசப்பு தெரியும். உப்பை எடுத்த பிறகு சட்டியில் மிஞ்சுகிற கசப்பு நீர். ஒரு கரண்டி விட்டால் ஒரு பானை சோயாப் பால் திரண்டு டோஃபு ஆகும். ஒரு கிண்ணம் குடித்தால் ஆள் காலி. வாழ்க்கை வெறுத்த மருமகள்கள் எத்தனை பேர் அதைக் குடித்துச் செத்திருக்கிறார்கள்! டோஃபு விற்கிறவள் வீட்டில் அது பானையில் நிற்கும். காய்ச்சிப் பொடியாக்கிக் கொடுத்துவிட்டாள் என்று கேப்டன் அங்கேயே முடிவு கட்டினார்.

நாளைக் காலைப் படகில் அவளை மாவட்ட நகருக்கு அனுப்புகிறார்கள். புருஷனைக் கொன்றவளுக்கு அங்கே ஒரே தீர்ப்புதான். ஊர் பார்க்க விசாரணை நடக்கும், ஊர் பார்க்கவே சுடுவார்கள்.

"மாட்டுக்கறி எங்கண்ணே?" என்று தாங் உலைக்கூடத்துச் சமையல்காரனைக் கூப்பிட்டுக் கேட்டான் பெங். "கிணத்தடியில சாப்பிட வந்தா எண்ணெயில மிளகாய் மிதக்கணும், மிளகாய்க்கு அடியில மாடு மிதக்கணும். இது என்ன, சாமியார் மடமா?"

சமையல்காரன் மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து வந்து நின்றான்.

"ரெண்டு மாசமா டோஃபுதான். வாசல்ல அவ வித்தா, வாங்கிப் போட்டேன். இப்ப அவளும் இல்ல. நாளைக்கு வெறும் முட்டைக்கோஸ். வாயை மூடிட்டுத் தின்னு."

"கறி ஏன் இல்ல?" என்றார் லுவோ.

"மாடு சாகல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட சாகல, ஐயா. நல்ல விஷயம்தானே?"

பெங் மெல்வதை நிறுத்தினான். இந்த ஊரில் உப்புநீரை இழுப்பது எருமை. பெரிய உருளையைச் சுற்றிச் சுற்றி நடக்கும், கயிறு சுருளும், மூங்கில் வாளி மேலே வரும். நடந்து நடந்து ஒருநாள் முட்டி மடங்கும். அன்றைக்கே அது கூலியாட்களின் கிண்ணத்துக்கு வந்துவிடும். பெங்கின் அப்பனும் அதையே தின்றுதான் வளர்ந்தார், அவரும் அப்படியே முட்டி மடங்கித்தான் விழுந்தார். இரண்டு மாதமாக ஒரு எருமை சாகவில்லை என்றால்...

"கால்ல என்ன?" என்று லுவோ சமையல்காரனைக் கேட்டார்.

"மரத்துப்போகுது. ஈரம். இங்க எல்லாருக்கும்தான்."

"எப்பலேர்ந்து?"

சமையல்காரன் யோசித்தான். "இந்த டோஃபு காலத்துலேர்ந்துன்னு வெச்சுக்குங்க. ஏன், டோஃபு காலுக்கு ஆகாதா?"

"டோஃபு ஆகும்" என்றபடி எழுந்தார் லுவோ. "வாடா. உன் பழைய சினேகிதங்களைப் பாத்துட்டு வரலாம்."

*

கொட்டிலில் எருமைகள் கொழுத்துப்போய் நின்றன. ஒன்று பெங்கைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

"இது எருமையா, முதலாளியோட மச்சானா?" பெங் அதன் கழுத்தைத் தடவினான். கை நின்றது. "அண்ணே, இங்க பாருங்க. நுகத்தடி அழுத்துற இடத்துல முடி முளைச்சிருக்கு."

"அதனால?"

"ஓடுற மாட்டுக் கழுத்துல ஈதான் முளைக்கும். இது ரெண்டு மாசமா ஒரு சுத்துகூட சுத்தல."

"எந்தக் கிணத்து மாடு?"

"கறுப்புக் கிணறு. இத்தனை மாடு அதுக்குத்தான் வேணும். அது பாதாளம் வரைக்கும் போகும். மஞ்சக் கிணறு ஆழம் கம்மி, நாலு கிழட்டு மாடு போதும்."

லுவோ தொட்டியை நோக்கி நடந்தார்.

இரண்டு கிணற்று நீரும் மூங்கில் குழாய்களில் வந்து இந்தக் கல்தொட்டியில்தான் கலக்க வேண்டும். கலந்த உடனே நீர் பால் மாதிரி வெளுக்கும். ஒரு நாள் விட்டால் அந்த வெளுப்பெல்லாம் அடியில் சேறாகத் தங்கும். மேலே தெளிந்த நீரை உலைக்கு விட்டு, சேற்றை மண்வெட்டியால் வாரி ஆற்றில் கொட்டுவார்கள். எல்லாத் தொட்டிக்காரர்களும் திட்டுகிற வேலை அது. காய்ந்த சேறு கல்லில் ஒட்டிக்கொண்டால் உளியும் திணறும்.

இந்தத் தொட்டியின் அடியில் கல் தெரிந்தது. பூனை படுத்துத் தூங்கலாம் போல இருந்தது.

"சுத்தம் எங்க குடும்பப் பழக்கம், லுவோ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தாங் முதலாளி. பட்டு மேலங்கி, கையில் கைக்குட்டை. உலைக்கூடத்துப் புகையில் வளர்ந்த மனிதர், மூக்கை மூடிக்கொண்டு நின்றார்.

"தொட்டியில சேறு இல்லாத உலைக்கூடம், பூண்டு வாசனை இல்லாத சமையல்காரன் கை மாதிரி முதலாளி" என்றான் பெங். "ரெண்டையும் நம்பிச் சாப்பிட முடியாது."

"உன் ஆளு ரொம்பப் பேசறான், லுவோ."

"சம்பளம் கம்மி. அதுல ஈடு கட்டறான். மாடுகள் நல்லா இருக்கே."

"ஓய்வு குடுத்திருக்கோம்."

"எருமைக்கா?" என்றான் பெங். "உங்க உலையாளுக்கே செத்தப்புறம்தானே குடுத்தீங்க?"

தாங்கின் கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. லுவோ கறுப்புக் கிணற்றின் வாய்க்குப் போனார். அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் ஒரு கல். மரக்கோபுரத்திலிருந்து இறங்கும் கயிறு தொய்ந்து, சிலந்தி வலை கட்டியிருந்தது.

"உள்ள என்ன விழுந்துச்சு?"

தாங் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்பது போலத் தோளைக் குலுக்கினார்.

"துளையிடற இரும்பு. அடிவரைக்கும் போயிடுச்சு. தோண்டி எடுக்க வருஷம் ஆகும், ரெண்டு வருஷமும் ஆகும். அதுவரைக்கும் உலையை அணைக்கச் சொல்றீங்களா? கடற்கரை முழுக்க ஜப்பான்காரன் கையில. அங்கேருந்து ஒரு கல் உப்பு வராது. உள்நாட்டுல இத்தனை ஜனமும் நம்ம கிணத்தைத்தான் நக்குது. மாசாமாசம் இவ்வளவு உப்புன்னு மேலேர்ந்து உத்தரவு. மஞ்சக் கிணத்து உப்பும் உப்புதான். வெள்ளையா இருக்கு, உப்பா இருக்கு. வேற என்ன வேணும்?"

"மஞ்சக் கிணத்துத் தண்ணியைத் தனியாக் காய்ச்சக் கூடாதுன்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் கூடாதுன்னு எவனுக்காவது தெரியுமா? பழக்கம். நூறு பழக்கத்துல இதுவும் ஒண்ணு."

"சரி." லுவோ தலையாட்டினார். "உங்க வீட்டுச் சமையலுக்கு எந்த உப்பு போகுது?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. தாங் கைக்குட்டையை நாலாக மடித்தார்.

"பழைய கையிருப்பு" என்றார் கடைசியில். "வீட்டுல வயசானவங்க இருக்காங்க."

அதற்கு மேல் லுவோ அவரிடம் எதுவும் கேட்கவில்லை. போகிற வழியில் கிடங்கு வாசலில் சிந்திக் கிடந்த உப்பை ஒரு கை அள்ளித் துணியில் முடிந்தார். பக்கத்தில் வேறொரு முதலாளியின் கறுப்புக் கிணற்றடியில் பெங்கின் பழைய கூட்டாளி ஒருவன் இருந்தான். அவனிடம் ஒரு மூங்கில் குழாய் நிறைய உப்புநீர் வாங்கிக்கொண்டார்கள். மை மாதிரி இருந்தது, அழுகின முட்டை மாதிரி நாறியது.

"கேப்டனுக்குப் பலகாரமா அண்ணே?"

"ஆமா. சிந்தாமக் கொண்டா."

*

கேப்டன் ச்சின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் உள்ளே வந்தபோது எழுந்திருக்கவில்லை. கேப்டன்கள் எழுந்திருப்பதில்லை என்பதால் பெங் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மேசையில் குடிக்காத சூப் ஆறிக் கிடந்தது.

"லுவோ, உங்களுக்கு இன்னும் எத்தனை தடவை வேலை போகணும்?"

"இன்னொரு தடவை போகணும்னா முதல்ல ஒரு வேலை குடுக்கணும், கேப்டன். அந்தப் பொண்ணைக் கூட்டி வரச் சொல்லுங்க. அப்புறம் அந்தப் பொட்டலம்."

கேப்டனுக்கும் அலுப்பாக இருந்திருக்க வேண்டும். கையை அசைத்தார். காவலாள் யின்னியாங்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். கனத்த தோள், கல்லில் சோயா அரைத்து அரைத்துத் திரண்ட முன்னங்கை. அழுத தடம் எதுவும் முகத்தில் இல்லை. தூங்காத தடம் இருந்தது.

கேப்டன் இழுப்பறையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் போட்டார். லுவோ அதைப் பிரித்தார். சாய்த்தார். வெள்ளைப் பொடி மேசையில் சரசரவென்று கொட்டியது.

"எத்தனை நாளா இந்த இழுப்பறையில இருக்கு?"

"அவளைப் பிடிச்ச அன்னைக்கே வெச்சது."

"பெங், கேப்டனுக்குச் சொல்லு. கசப்பு நீரைக் காய்ச்சின பொடியைத் திறந்து வெச்சா என்ன ஆகும்?"

"ராத்திரி வெச்சா காலைல குளம் ஆகும்" என்றான் பெங். "எங்கம்மா உப்புச் சாடில அது கொஞ்சம் கலந்திருந்தாலே மழைக்காலத்துல உப்பைக் கரண்டியால அள்ள முடியாது, ஊத்தணும். இந்த ஊர் மூட்டத்துல அந்தப் பொட்டலம் மறுநாளே ஒழுகி, உங்க இழுப்பறை நாறியிருக்கும்."

கேப்டன் பொடியைப் பார்த்தார். அது புழுதி மாதிரி உலர்ந்து கிடந்தது.

"கசந்துச்சே."

"கசக்கும். ஊர்ல எல்லாருக்கும் ஒரே கசப்புதான் தெரியும், அதனால உங்களுக்கு வேற எதுவும் தோணல. இது மருந்துக்கடை பேதி உப்பு. காத்துபட்டா இன்னும் காயும், கசியாது. யின்னியாங், எங்க வாங்கினே?"

"பாலத்துக்குப் பக்கத்துல இருக்கற மருந்துக்கடையில" என்றாள் அவள். "கை கால் விளங்காமப் போச்சுன்னேன். வயித்துல ஏதோ கெட்டது தங்கியிருக்கு, பேதி ஆனா இறங்கும்னார். இதைத்தான் பிடிச்ச அன்னைக்கே கத்தினேன். யாரு காதுல வாங்கினாங்க?"

"சரி, பேதி உப்பாவே இருக்கட்டும்." கேப்டன் பின்னுக்குச் சாய்ந்தார். "அப்ப தாஷுன் எதுல செத்தான்?"

லுவோ முடிச்சை அவிழ்த்தார். சூப்புக்குப் பக்கத்தில் இருந்த தேநீர்க் கிண்ணத்தைக் காலிசெய்து, வெந்நீர் ஊற்றி, கிடங்கு உப்பைப் போட்டுக் கலக்கினார். கரைந்து தெளிந்தது. கண்ணாடி மாதிரி தண்ணீர்.

"மஞ்சக் கிணத்துத் தண்ணியில ஒரு சத்து இருக்கு, கேப்டன். பேரியம்னு பேரு. நான் அலுவலகத்துல இருந்தப்ப ரசாயனம் படிச்ச ஒருத்தர் சொன்னார். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. உள்ள போனா தசையைப் படுக்க வைக்கும். கால்லேர்ந்து மேல ஏறும். கறுப்புக் கிணத்துல கந்தகச் சத்து இருக்கு. ரெண்டும் சேர்ந்தா கரையாத வெள்ளைச் சேறா அடியில போயிடும். நம்ம பாட்டன்களுக்குப் பேரு தெரியாது. கலக்கணும்னு மட்டும் தெரிஞ்சுது. எத்தனை பேரை வாரிக் குடுத்துட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்களோ. பெங், ஊத்து."

பெங் மூங்கில் குழாயைச் சாய்த்தான். கறுப்பு நீர் ஒரு நூலாக இறங்கியது. கிண்ணத்தில் பட்ட இடத்தில் வெள்ளை கிளம்பியது. முதலில் புகை மாதிரி, பிறகு அரிசி கழுவின நீர் மாதிரி, பிறகு பால்.

லுவோ கிண்ணத்தைக் கேப்டன் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல உப்புல இந்தச் சத்து ஏற்கெனவே சேறாப் போயிருக்கும். வெளுக்காது. தாங் ரெண்டு மாசமா மஞ்சக் கிணத்துத் தண்ணியை மட்டும் காய்ச்சறார். சாப்பிட்ட எல்லாருக்கும் கால் மரத்துப்போகுது, ஈரம்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. தாஷுனுக்கு மட்டும் ஏன் உயிர் போச்சு? அவன் தலைமை உலையாள். ஒவ்வொரு சட்டியும் திரளும்போது நாக்குல வெச்சுப் பார்த்துத்தான் இறக்கச் சொல்லணும். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் அதான் வேலை."

"சொன்னார்" என்றாள் யின்னியாங். "தொட்டியில சேறு விழலன்னு முதலாளிகிட்ட சொன்னார். ரெண்டு தடவை சொன்னார். வாயில வைக்காம இருங்களேன்னேன். நாக்குல வைக்காத உலையாளை எவன் வெச்சுப்பான்னார்."

கேப்டன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெங் கேப்டனைப் பார்த்தான். வந்ததிலிருந்து அவர் ஒரு தடவைகூட எழவில்லை. இழுப்பறையைக்கூட இடது கையால்தான் இழுத்தார். வலது கை மடியில் கிடந்தது, யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கையுறை மாதிரி.

"கேப்டன்" என்றான் பெங். இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை. "சூப்பை ஏன் குடிக்கல?"

"கரண்டி நிக்கல" என்றார் கேப்டன். பிறகு அவசரமாக, "ஈரம்" என்றார்.

கிண்ணத்து வெள்ளையை மறுபடி பார்த்தார். சட்டென்று காவலாளைப் பார்த்துக் கத்தினார்: "சமையலறையில இருக்கற உப்புச் சாடியை எடுத்துட்டு வா! ஓடு!"

சாடி வந்தது. நல்ல பீங்கான் சாடி. பண்டிகைக்குத் தாங் வீட்டிலிருந்து மூட்டையோடு வந்த அன்பளிப்பு. லுவோ இன்னொரு கிண்ணத்தில் கரைத்தார். பெங் ஊற்றினான்.

பால்.

"அந்த நாயி..." என்றார் கேப்டன். "தெரிஞ்சேவா எனக்கு அனுப்பினான்?"

"உங்களைக் கொல்ல அனுப்பல" என்றார் லுவோ. "கிடங்குல வேற உப்பு இல்ல. அன்பளிப்பு குடுக்காம இருக்கவும் முடியாது."

"இதுக்கு... இதுக்கு மாத்து இருக்கா?"

"இருக்கு. கந்தகச் சத்துள்ள எந்த உப்பும் குடிக்கலாம். வயித்துக்குள்ளயே அதைச் சேறாக்கி வெளிய தள்ளிடும். மருந்துக்கடையில மலிவாக் கிடைக்கும்." லுவோ மேசையில் கொட்டிக் கிடந்த வெள்ளைப் பொடியை விரலால் ஒரு குவியலாகக் கூட்டினார். "பேதி உப்பு."

பெங்குக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அவன் யின்னியாங்கைப் பார்த்தான். அவளுக்கு அவனுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

"அவர் ஒரு வாய் குடிச்சார்" என்றாள் அவள் மெதுவாக. "ஒரே வாய். அப்ப இவர் வந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டார்."

கேப்டன் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண் அந்தக் குவியல் மேல் இருந்தது. இடது கை அதை நோக்கி நகர்ந்தது. பாதி வழியில் நின்றது.

"விஷம் இல்லைன்னு எப்படித் தெரியும்? அவளை முதல்ல குடிக்கச் சொல்லு."

யின்னியாங் சிரித்தாள். பெங் தன் வாழ்க்கையில் கேட்ட சிரிப்புகளில் மோசமானது அதுதான். அவளே கிண்ணத்தை எடுத்தாள், ஒரு கை பொடி போட்டாள், வெந்நீர் விட்டாள், விரலாலேயே கலக்கினாள். இரண்டு மடக்கு குடித்தாள். மீதியைக் கேப்டன் முன்னால் வைத்தாள்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்குங்க. தட்டிவிட யாரும் வர மாட்டாங்க."

அவர் குடித்தார். தாடை வழியே வழிந்தது, குடித்தார். முடித்துவிட்டுச் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கேப்டன் குரலைத் தேடி எடுத்தார்.

"நீ போகலாம். தாஷுன் வாத நோயில செத்தான். உன் மேல குத்தம் இல்ல."

லுவோ மூச்சு விட்டார். இவ்வளவு தூரம் ஓடியது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். பெங் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

அவள் நகரவில்லை.

"உலை?" என்றாள்.

"எந்த உலை?"

"தாங்கோட உலை. அணைப்பீங்களா?"

"அது பெரிய இடத்து விஷயம்மா. மாசக் கணக்கு குறைஞ்சா என் தலைதான் போகும். எங்கேருந்தாவது கறுப்புத் தண்ணி வாங்கி, முடிஞ்ச அளவு கலக்கச் சொல்றேன்."

"முடிஞ்ச அளவுன்னா?"

கேப்டன் காலிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"படகுல போன உப்பு? அதைத் தின்னறவங்களுக்கு யாரு சொல்றது, பேதி உப்பு வாங்கிக் குடிங்கன்னு?"

"மூணு மாகாணம் இந்த உப்பைத் தின்னுது! இது விஷம்னு வெளிய சொன்னா என்ன ஆகும் தெரியுமா? சண்டைக் காலம். வதந்தி கிளப்பினேன்னு என்னையே சுட்டுடுவாங்க. ரெண்டாயிரம் வருஷமா அரசாங்கம் உப்பு வரியைத் தின்னுதான் நிக்குது. நீ வந்து நிறுத்தப் போறியா? உயிரோட விடறேன், போ."

"நான் போகல."

"என்னது?"

"நாளைக்குப் படகுல போறேன். புருஷனைக் கொன்னவள்னு என்னை மாவட்டக் கோர்ட்டுல நிறுத்துங்க. ஊரே வரும்ல, கேக்கறதுக்கு? நீதிபதி கேப்பார், எதுல கொன்னேன்னு. நான் ரெண்டு கிண்ணம் வெச்சு ஊத்திக் காட்டறேன். கேஸு வாத நோயின்னு முடிஞ்சா என்னை எவன் கேப்பான்? நான் வாசல்ல நின்னு கத்தினா டோஃபுக்காரிக்குப் பைத்தியம்பான்."

"யின்னியாங்" என்றார் லுவோ. பெங் அவர் குரலில் இப்படி ஒரு தடுமாற்றத்தைக் கேட்டதில்லை. "அங்க கிண்ணம் குடுப்பாங்கன்னு என்ன நிச்சயம்? பேச விடலன்னா? நேரா சுடற திடலுக்குத்தான் கொண்டுபோவாங்க."

"தெரியும் லுவோ அண்ணே. நீங்க என் உயிரைக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க. மறக்க மாட்டேன். ஆனா இப்ப அது என்கிட்ட இருக்கு. என்ன பண்ணணும்னு நான் பாத்துக்கறேன்." அவள் இரண்டு கையையும் சேர்த்துக் காவலாள் முன்னால் நீட்டினாள். "கட்டு."

காவலாள் கேப்டனைப் பார்த்தான்.

கேப்டனுக்கு எழுந்து நிற்க முடிந்திருந்தால் எழுந்திருப்பார். மேசையை இடது கையால் அறைந்தார். "வெளிய தள்ளு! இவளைப் பிடிக்கவே இல்ல, புரியுதா? இந்தப் பேர்ல எந்தப் பொம்பளையும் இங்க வரல. வெளிய தள்ளிக் கதவைச் சாத்து!"

இரண்டு பேர் வந்தார்கள். போதவில்லை. கல் சுற்றிய கை அது, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது ஆள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். முற்றம் வழியே இழுத்துப் போனார்கள். சிறையை விட்டுப் போக மாட்டேன் என்று ஒருத்தி கத்துவதைக் கேட்டு அறைக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

லுவோவும் பெங்கும் அவளுக்குப் பின்னாலேயே வெளியே தள்ளப்பட்டார்கள். இரும்புப் பட்டை அடித்த கதவு சாத்தியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மூட்டத்துக்கு மேலே மரக்கோபுரங்களின் தலை மட்டும் தெரிந்தது. உலைக்கூடங்களிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. தாங்கின் கூடத்திலிருந்தும் எழுந்தது. ஆற்றில் மூட்டைப் படகொன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

யின்னியாங் எழுந்தாள். கதவுக்குப் போனாள். உள்ளங்கையால் தட்டினாள்.

"திறங்க! நான்தான் கொன்னேன்! என்னைப் பிடிங்க!"

சாலையில் போன உப்புக் காவடிக்காரர்கள் நின்றார்கள். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் கூடையை இறக்கி வைத்தான்.

"பிடிங்கடா! எதுல கொன்னேன்னு கேளுங்கடா!"

உள்ளே சத்தம் இல்லை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். பட்டையில் பட்டுக் கை கிழிந்து, கதவில் சிவப்பாக ஒட்டியது. இன்னும் இரண்டு பேர் கூடையை இறக்கினார்கள்.

பெங் லுவோவைப் பார்த்தான். லுவோ சாலையோரத்தில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். கைக்கு அடங்குகிற ஒரு கல்லை எடுத்தார், மண்ணைத் தட்டினார், கதவருகே போய் அவள் கையில் வைத்தார்.

"கையால தட்டாதே" என்றார். "இதால அடி."